அதிமதுரம்: இனிக்கிற வேரைப் பற்றி வந்த கடிதங்கள்

இரண்டு இதழ்களுக்கு முன்னால், தொண்டை கரகரப்பு பற்றிய ஒரு கேள்விக்கு "அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. படிக்கப் படிக்கச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகமாயிற்று. ஏனென்றால் பாதிப் பேர் அதைத் தினமும் குடிக்கிறார்கள், அதுவும் மாதக்கணக்கில், எவ்வளவு என்று அளக்காமல். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதிமதுரத்துக்கே. பெயர்களை விட்டுவிட்டுக் கேள்விகளை மட்டும் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அதிமதுரம் என்று கேட்டால் சில சமயம் குச்சி மாதிரி தருகிறார்கள், சில சமயம் மஞ்சள் நிறத்தில் பொடியாக. இது வேரா, தண்டா? நல்லதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: இரண்டும் கலந்ததுதான். செடியின் வேரையும், மண்ணுக்கடியிலேயே நீளமாக ஓடும் தண்டையும் சேர்த்துத்தான் தோண்டி எடுக்கிறார்கள். அவரை, பட்டாணியின் குடும்பத்தைச் சேர்ந்த செடி இது. தாவரவியல் பெயர் கிளைசிரைசா கிளாப்ரா. தென் ஐரோப்பாவிலிருந்து மேற்காசியா, மத்திய ஆசியா வரை தானாகவே வளர்கிறது. சீனாவில் இதன் உறவுக்காரச் செடி ஒன்று இருக்கிறது, மருந்துக்கு அங்கே அதைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். நட்ட வருடமே தோண்ட முடியாது, மூன்று நான்கு வருடமாவது காத்திருந்தால்தான் வேரில் சத்து ஏறும்.

நல்ல குச்சிக்கு வெளித்தோல் பழுப்பாக, நீளவாக்கில் சுருங்கியிருக்கும். உடைத்தால் சட்டென்று இரண்டாக முறியாது, நார் நாராகப் பிரியும், உள்ளே நல்ல மஞ்சள். உள்ளே கறுத்திருந்தாலோ பூஞ்சை வாடை அடித்தாலோ வேண்டாம். ஆனால் கண்ணைவிட நாக்கை நம்புங்கள். ஒரு சிறு துண்டைக் கடித்துப் பாருங்கள், முதலில் வெறும் மரம் மாதிரிதான் இருக்கும், ஐந்தாறு முறை மென்ற பிறகு இனிப்பு மெதுவாக ஏறும், துப்பிய பிறகும் போகாது, கடைசியில் லேசான கசப்பு அடிநாக்கில் தங்கும். சர்க்கரையின் இனிப்பு உடனே வந்து உடனே போய்விடும், இது அப்படியல்ல. இந்த இனிப்பைக் கொடுப்பது கிளைசிரைசின் என்ற பொருள். சர்க்கரையைவிட குறைந்தது 30 மடங்கு இனிப்பு. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப வரும். நன்மையிலும் அதற்குப் பங்கு உண்டு, கெடுதல் அனேகமாக முழுக்க அதனால்தான்.

பல மொழிக்காரர்களும் இந்தச் செடிக்குப் பெயர் வைக்கும்போது இனிப்பைத் தாண்டிப் போகவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். நமக்கு அதிமதுரம். வடமொழியில் யஷ்டிமது, அதாவது தேன்கோல். கிரேக்கத்தில் 'இனிப்பு வேர்', சீனத்தில் 'இனிப்புப் புல்'. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிறந்த தியோபிராஸ்டஸ் என்ற கிரேக்கத் தாவர அறிஞர், வறட்டு இருமலுக்கும் தாகம் அடங்கவும் இந்த வேர் ஆகும் என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறார்.

பொடியாக வாங்குவதைவிடக் குச்சியாக வாங்கி, வேண்டிய அளவு மட்டும் இடித்துக்கொள்வது நல்லது. பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

கேள்வி: நான் பாட்டு சொல்லித் தருகிறேன் அக்கா. காலையிலிருந்து இரவு வரை குரல் வேலை. அதிமதுரம் உண்மையிலேயே தொண்டைக்கு நல்லதா, இல்லை நம்பிக்கை மட்டும்தானா? எப்படி எடுப்பது?

பதில்: நம்பிக்கை மட்டும் இல்லை. வேரை மெல்லும்போது எச்சில் நன்றாக ஊறும், அதில் கரையும் வழவழப்பான பொருள்கள் எரிச்சலான தொண்டைச் சுவரின்மேல் மெல்லிய பூச்சாகப் படியும், வறட்சி அடங்கும், அந்த 'க்கும் க்கும்' என்று கனைக்கிற அரிப்பு குறையும். பாடுகிறவர்களுக்கு அந்தக் கனைப்பே பெரிய எதிரி, ஒவ்வொரு கனைப்பிலும் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன.

இதற்கு நல்ல சோதனையும் உண்டு. அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது தொண்டை வழியாகக் குழாய் விடுவார்கள், எழுந்ததும் பலருக்குத் தொண்டை புண்ணாக வலிக்கும். குழாய் விடுவதற்கு முன்னால் ஒரு பகுதியினரை அதிமதுரக் கரைசலாலும் மற்றவர்களைச் சர்க்கரைத் தண்ணீராலும் கொப்பளிக்க வைத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. அதிமதுரம் கொப்பளித்தவர்களுக்குத் தொண்டை வலி தெளிவாகவே குறைவாக இருந்தது. இரண்டும் இனிப்புதான் என்பதால், இனிப்பைச் சுவைத்த திருப்தி என்று அதைத் தள்ளிவிட முடியாது.

உங்களுக்கு நான் சொல்வது கொப்பளிப்பதைத்தான், குடிப்பதை அல்ல. விரல் நீளக் குச்சியில் கால் பங்கை நசுக்கி, ஒரு டம்ளர் கொதிக்கும் தண்ணீரில் போட்டு மூடி, பதினைந்து நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். வெதுவெதுப்பானதும் ஒவ்வொரு வாயாகத் தலையை அண்ணாந்து, தொண்டையில் முப்பது எண்ணும்வரை நிறுத்திக் கொப்பளித்துத் துப்புங்கள். துப்பிவிடுவதால் உடம்புக்குள் போகிற அளவு மிகக் குறைவு, ஆனால் தொண்டைக்கு வேண்டியது கிடைத்துவிடும். கச்சேரி நாளில், கடினமான வாரத்தில், ஒரு சின்னத் துண்டை மெல்லலாம். காலை முதல் மாலை வரை வாயிலேயே வைத்திருப்பது வேண்டாம், அதற்கான காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது. அப்புறம், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் எந்த வேரையும் நம்பி உட்காராமல் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 58. பிபி மாத்திரை ஆறு வருடமாகச் சாப்பிடுகிறேன், கட்டுக்குள் இருந்தது. நெஞ்செரிச்சலுக்காக மூன்று மாதமாகக் காலையும் இரவும் அதிமதுரப் பொடி ஒரு ஸ்பூன் வெந்நீரில் குடிக்கிறேன், எரிச்சல் நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் பிபி ஏறிக்கொண்டே போகிறது, மாத்திரையை இரண்டு முறை கூட்டிவிட்டார்கள். சாயந்திரமானால் கணுக்கால் வீங்குகிறது. இது இயற்கையான மருந்து என்பதால் இதனால் இருக்காது அல்லவா?

பதில்: ஐயா, இதனால்தான் இருக்க வாய்ப்பு மிக அதிகம். இதைப் படித்த நிமிடமே பொடியை நிறுத்துங்கள். நாளைக்கே மருத்துவரைப் பார்த்து "மூன்று மாதமாக அதிமதுரம் சாப்பிட்டேன், எவ்வளவு சாப்பிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். பிபி மாத்திரையை மட்டும் நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். மார்பு படபடப்பு, கைகால் தளர்ச்சி, தலைசுற்றல் ஏதாவது இருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே போய்விடுங்கள்.

நான் இவ்வளவு அடித்துச் சொல்வதற்குக் காரணம் என் அம்மா. அவருக்கும் இதே நெஞ்செரிச்சல். மருந்தாளுநராக இருபது வருடம் வேலை பார்த்த நானே அதிமதுரம் வாங்கிக் கொடுத்தேன், ஒரு வாரத்துக்கு என்று சொல்லித்தான் கொடுத்தேன். நன்றாகக் கேட்டது. அதனால் அம்மா நிறுத்தவில்லை, தீரத் தீர வாங்கிக்கொண்டார், நானும் கேட்கவில்லை. நான்கு மாதம். முதலில் செருப்பின் வார் பாதத்தில் பள்ளமாகப் பதிந்தது. விரலால் கணுக்காலை அழுத்திவிட்டு எடுத்தால் குழி அப்படியே நின்றது. அப்புறம் மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "கால் என்னோடது மாதிரியே இல்லடி" என்றார். பார்த்த இடத்தில் வயசு, எடை, உப்பு என்று சொல்லி மாத்திரையைக் கூட்டினார்கள். அதில் ஒன்று நீர் பிரியும் மாத்திரை, அது பொட்டாசியத்தை இன்னும் இறக்கிவிட்டது. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அம்மா சொல்லியிருக்க மாட்டார், ஏனென்றால் அவர் கணக்கில் அது மருந்தே இல்லை. ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 2.6 என்று வந்தது, 3.5க்குக் குறையாமல் இருக்க வேண்டியது. அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் அலமாரியில் இருந்த பொடி டப்பா எனக்கு ஞாபகம் வந்தது.

உள்ளே நடப்பது இதுதான். உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே அனுப்பு என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். அது போய்ச் சேர்கிற பூட்டு ஒன்று இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனின் சாவியும் அதே பூட்டுக்குப் பொருந்தும், அதுவும் ரத்தத்தில் கார்ட்டிசால் பல நூறு மடங்கு அதிகம். அது உள்ளே நுழைந்துவிடாதபடி சிறுநீரகம் ஒரு நொதியைக் காவலுக்கு வைத்திருக்கிறது, கார்ட்டிசால் வந்ததுமே அதை உதவாத சாவியாக மாற்றிவிடும். அதிமதுரத்தின் கிளைசிரைசின் குடலில் உடைந்து உண்டாகும் அமிலம் அந்தக் காவல் நொதியைச் செயலிழக்க வைக்கிறது. காவல் போனதும் கார்ட்டிசால் பூட்டைத் திறந்தபடியே இருக்கிறது. உப்பு தேங்கும், உப்போடு தண்ணீர் தேங்கும், பிபி ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் சிறுநீரில் ஓடிப்போகும். பொட்டாசியம் குறைந்தால் தசை தளரும், இன்னும் குறைந்தால் இதயத்தின் தாளமே தப்பும்.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. ரெவர்ஸ் என்ற நெதர்லாந்து மருத்துவர் வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்துப் பார்த்து, புண் ஆறுகிறது, ஆனால் ஐந்தில் ஒருவருக்கு உடம்பு வீங்குகிறது என்று 1940களிலேயே எழுதினார். 2020இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு இன்னும் கடுமையானது: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 54 வயதுக்காரர் ஒருவர், சில வாரங்களாகத் தினமும் ஒன்றரைப் பை அதிமதுர மிட்டாய் சாப்பிட்டு வந்தவர், பொட்டாசியம் இறங்கி இதயம் நின்று இறந்துபோனார்.

இப்போது உங்கள் ஸ்பூனைக் கணக்குப் போடுவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிவியல் குழு, தொடர்ந்து எடுப்பவர்களுக்குக் கிளைசிரைசின் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்றது. வேரில் அது 100 கிராமுக்கு 2 கிராமும் இருக்கலாம், 10 கிராமுக்கு மேலும் இருக்கலாம், மண்ணையும் செடியின் வயதையும் பொறுத்தது. நடுத்தரமாக 4 என்று வைத்தால் இரண்டரை கிராம் பொடியிலேயே 100 மில்லிகிராம் வந்துவிடும். இரண்டரை கிராம் என்பது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். நீங்கள் இரண்டு வேளை, மூன்று மாதம். நல்ல வேராக இருந்தால் இன்னும் மோசம்.

ஆக, பிபி, இதய நோய், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், நீர் பிரியும் மாத்திரை, ஸ்டீராய்டு, இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர்கள், இவர்கள் யாரும் அதிமதுரத்தை உள்ளுக்குச் சாப்பிடவே வேண்டாம் என்பது என் கருத்து. கொஞ்சமாக, எப்போதாவது என்றுகூட நான் சொல்ல மாட்டேன். என் அம்மா நிறுத்தாமல் போனதும் கொஞ்சமாக ஆரம்பித்துத்தான்.

கேள்வி: அப்படியானால் அல்சருக்கு அதிமதுரம் என்று சொல்வது பொய்யா?

பதில்: பொய் இல்லை, பழைய உண்மை. இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் கோழைப் படலத்தை இது கெட்டியாக்குகிறது. இதை வைத்தே கார்பெனாக்சலோன் என்ற மாத்திரையை உருவாக்கி 1960களில் அல்சருக்குக் கொடுத்தார்கள். புண் ஆறியது, கூடவே அதே வீக்கமும் பிபியும் வந்தன. 1970களில் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் வந்த பிறகு அது ஒதுங்கிவிட்டது. இப்போது கிளைசிரைசினைப் பிரித்தெடுத்துவிட்ட அதிமதுர மாத்திரைகள் கிடைக்கின்றன. பிபி பயம் அதில் பெரும்பாலும் இல்லை, ஆனால் புண்ணை ஆற்றும் என்பதற்கான ஆதாரம் கலவையாகத்தான் இருக்கிறது.

அல்சர் வருவதற்குப் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் என்ற கிருமியோ வலி மாத்திரைகளோதான் காரணம். கிருமி என்றால் அதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும், வேர் அந்த வேலையைச் செய்யாது. உடம்பில் வேறு சிக்கல் இல்லாதவர், சாப்பாட்டுக்குப் பின் வரும் சாதாரண எரிச்சலுக்கு, ஒன்றரை கிராம் அளவு வேரை வெந்நீரில் ஊறவைத்துச் சில நாள் குடிக்கலாம். ஐரோப்பிய மருந்து முகமையே 4 வாரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது, நான் இரண்டு வாரத்தில் நிறுத்தச் சொல்வேன். அதற்குள் சரியாகாத எரிச்சலை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். மலம் கறுப்பாகப் போனால், எடை குறைந்தால், விழுங்கும்போது தடுக்கினால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

கேள்வி: கஷாயம் கொதிக்கும்போது சோப்பு போட்ட மாதிரி நுரைக்கிறது. கலப்படமா?

பதில்: கலப்படம் இல்லை, பயப்பட வேண்டாம். கிளைசிரைசின் சபோனின் என்ற வகையைச் சேர்ந்தது, பூந்திக்கொட்டை நுரைக்கிறதே, அதே வகைதான். கஷாயத்தை ஆறவைத்து ஒரு பாட்டிலில் பாதி ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள், மேலே நுரை கட்டி வெகுநேரம் அடங்காமல் நிற்கும். சாறு எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையிலிருந்துகூட, தீயணைக்கும் நுரைக்கு வேண்டிய பொருளை ஒரு காலத்தில் எடுத்திருக்கிறார்கள். பொங்கி வழியும் என்பதால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: ஐந்தாவது மாதம். இருமலுக்கு அதிமதுரம் கொடுக்கலாம் என்று அத்தை சொல்கிறார்கள். சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. மேலே சொன்ன அந்தக் காவல் நொதி நஞ்சுக்கொடியிலும் இருக்கிறது, தாயின் கார்ட்டிசால் முழுவதும் குழந்தைக்குப் போகாமல் தடுப்பது அதுதான். அதிமதுரம் அதையும் மந்தமாக்கும். பின்லாந்தில் அதிமதுர மிட்டாய் நிறையச் சாப்பிடுவார்கள் என்பதால் அங்கேதான் இதை விரிவாகப் பார்த்தார்கள். கர்ப்ப காலத்தில் வாரத்துக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கிளைசிரைசின் உடம்பில் சேர்ந்த தாய்மாரின் பிள்ளைகள், பிற்பாடு அறிவுத்திறன் தேர்வுகளில் மற்றப் பிள்ளைகளைவிடச் சராசரியாகக் குறைவாகச் செய்தார்கள். அதிமதுரம்தான் காரணம் என்று இந்த வகை ஆய்வை வைத்து முழுவதும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அங்கே கர்ப்பிணிகளுக்கான உணவு அறிவுரையிலேயே அதிகம் வேண்டாம் என்று சேர்த்துவிட்டார்கள். ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை குடித்திருந்தால் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள், இனி வேண்டாம், அவ்வளவே. அத்தையிடம் "டாக்டரிடம் கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர் அக்கறையில் சொல்கிறார், சண்டை வேண்டாம்.

கேள்வி: ஆறு வயதுப் பையனுக்கு இருமல். பொடியைத் தேனில் குழைத்துத் தரலாமா?

பதில்: தேன் மட்டும் தாருங்கள், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரவு இருமலில் அதுவே நன்றாகக் கேட்கும் (ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது). அதிமதுரத்தைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதற்குப் போதுமான ஆய்வு இல்லை, ஐரோப்பிய முகமை 18 வயதுக்குள் வேண்டாம் என்றே வைத்திருக்கிறது. மூச்சு வாங்கினால், காய்ச்சல் விடாமல் அடித்தால் மருத்துவரிடம்.

கேள்வி: வேலியில் படரும் குன்றிமணிக் கொடியின் வேரும் இலையும் இனிக்கிறது, அதுவும் அதிமதுரம்தான் என்கிறார் எங்கள் மாமா. உபயோகிக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். மாமா சொன்னதில் பாதி உண்மை. குன்றிமணியின் இலையும் வேரும் இனிக்கும், அதனால் ஆங்கிலத்திலும் அதற்கு 'இந்திய அதிமதுரம்' என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது, அதிமதுரத்துக்குப் பதிலாக அந்த வேரை விற்றதும் உண்டு. ஆனால் செடி வேறு. அந்தச் சிவப்பு மணியில், கறுப்புக் கண்ணோடு அழகாக இருக்கிறதே, அதற்குள் ஏப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. முழுசாக விழுங்கினால் கெட்டியான தோல் காப்பாற்றிவிடலாம். கடித்து உடைத்தால் ஒரு சில விதைகளே உயிருக்கு ஆபத்து, அதற்கென்று முறிமருந்தும் கிடையாது. பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் அந்தக் கொடி இருந்தால் மணிகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். யாராவது மென்றுவிட்டால், வாந்தி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்கு.

கேள்வி: முகத்தில் கருந்திட்டு. அதிமதுரப் பொடி பூசினால் போகுமா? நிறமும் வருமா?

பதில்: தோலில் கறுப்பு நிறமியை உண்டாக்குகிற நொதியை அதிமதுரத்தில் உள்ள கிளாப்ரிடின் தடுக்கிறது, அது நிஜம். ஆனால் கிளாப்ரிடின் தண்ணீரில் கரையாது. பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பூசினால் தோலுக்குள் போவது சொற்பம். அதைப் பிரித்தெடுத்துச் சேர்த்த கிரீம்கள்தான் ஆய்வுகளில் ஓரளவு பலன் தந்தன, அதுவும் பல வாரம் பூசி, வெயிலுக்கு சன்ஸ்கிரீனும் போட்டபோது. எதைப் பூசினாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். நிறம் வருமா என்ற கேள்விக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. உங்கள் நிறம் ஒரு நோய் இல்லை.

கேள்வி: சிகரெட்டை விட முயற்சி செய்கிறேன். அதிமதுரக் குச்சி மென்றால் ஆசை அடங்கும் என்றார்கள்.

பதில்: தம்பி, முயற்சிக்கு முதலில் என் வாழ்த்து. கையும் வாயும் சும்மா இருக்கிற அந்த ஐந்து நிமிடத்துக்குக் குச்சி துணையாக இருக்கும், ஆனால் நிக்கோட்டின் ஏக்கத்தை அடக்கும் சரக்கு அதில் இல்லை. அதற்கு நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் பட்டை என்று நிரூபித்த வழிகள் இருக்கின்றன. பத்து சிகரெட்டுக்குப் பதில் பத்துக் குச்சி என்று மென்றால் மேலே எழுதிய பிபி கதைதான். இன்னொன்று தெரியுமா, உலகத்தில் விளைந்த அதிமதுரத்தில் பெரும்பங்கு நெடுங்காலம் புகையிலைத் தொழிலுக்குத்தான் போனது, புகையின் காரத்தை மட்டுப்படுத்தி இனிப்பு ஏற்ற. சிகரெட்டில் உங்களுக்குப் பழகிய சுவையில்கூட இதன் பங்கு இருக்கலாம். ஏலக்காயோ கிராம்போ மெல்லுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோய் இருக்கிறது. டீயில் சர்க்கரைக்குப் பதில் இதைப் போடலாமா?

பதில்: தினமும் என்றால் கூடாது. சர்க்கரை ஏறாது என்பது சரி. ஆனால் சர்க்கரை நோயோடு பிபியும் சிறுநீரகச் சிக்கலும் சேர்ந்து வருவதே வழக்கம், அங்கேதான் இது அடிக்கும்.

கேள்வி: போன வாரம் நீங்கள் தொலைபேசியில் சொன்னபடி அம்மாவுக்கு அதிமதுரக் கஷாயத்தை நிறுத்திவிட்டேன் மேடம். ஐந்து நாள் ஆகிறது, வீக்கம் அப்படியே இருக்கிறது. அப்படியானால் காரணம் வேறா?

பதில்: அவசரப்படாதீர்கள். கிளைசிரைசின் உடைந்து உடம்பில் சேர்ந்த அந்த அமிலம் ஈரல் வழியாகப் பித்தத்தில் கலந்து, குடலுக்குப் போய், திரும்பவும் ரத்தத்துக்கே வந்து கொஞ்ச நாள் சுற்றிக்கொண்டிருக்கும். காவல் நொதி பழையபடி வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை பொட்டாசியத்தை மருத்துவர் சொல்கிற இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருங்கள். மருந்தாகப் பொட்டாசியம் கொடுப்பது அவர் கையில், நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அது ஏறினாலும் ஆபத்து. கால் வீக்கம் இறங்கும்போது பிபியும் இறங்கும், அப்போது கூட்டிய மாத்திரைகளைக் குறைக்க வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுந்துவிடுவார்கள். அதனால் தினமும் ஒரே நேரத்தில் பிபியும் எடையும் எடுத்து எழுதி வையுங்கள். மூன்று வாரத்தில் எதுவுமே மாறவில்லை என்றால் இதயம், சிறுநீரகம், ஈரல் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

என் அம்மாவுக்குப் பதினாறாவது நாள் காலையில்தான் செருப்பு வார் பழைய துளையில் மாட்டியது.